லிஸ்பனுக்கு முதல் பயணம்: சேதுக் கரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்ல விரும்பும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், போர்த்துகலின் தலைநகரான லிஸ்பனைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அருளானந்தர் பிறந்த லிஸ்பன் நகரை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரிடம் விசாரித்தபோது, "அதே செலவில் பன்னிரண்டு நாளில் ஏழு நாடுகளைக் காட்டுகிறோம், ஆனால் லிஸ்பன் அதில் இல்லை" என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது, ஐயா?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், ஓரியூர் அருகில்*

பதில்: லிஸ்பனையே தேர்ந்தெடுங்கள், அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். பன்னிரண்டு நாளில் ஏழு நாடுகள் என்றால், விடியுமுன் எழுந்து பெட்டியைக் கட்டுவதும், பேருந்தில் பாதிப் பகலைக் கழிப்பதும், புகழ்பெற்ற ஒரு கட்டடத்தின் முன் அரை மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொள்வதும்தான் நாள்தோறும் நடக்கும். அறுபது வயதைக் கடந்தவர்களின் உடல் அதைத் தாங்கினாலும், பார்த்தவை மனத்தில் தங்குவதற்கு அதில் நேரம் இல்லை. உங்களுக்கோ போக வேண்டிய ஊர் எது என்பதும், ஏன் போக வேண்டும் என்பதும் ஏற்கெனவே தெளிவாக இருக்கின்றன. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூர் மண்ணில் உயிர் துறந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர், 1647இல் லிஸ்பனில் பிறந்து, சிறு வயதில் அரண்மனையில் இளவரசர் பெட்ரோவின் தோழராக வளர்ந்தவர். பிற்காலத்தில் சில ஆண்டுகள் தாயகம் திரும்பியிருந்தபோது, அரசராகிவிட்ட அதே பெட்ரோ அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பியும், அவர் மறவர் சீமைக்கே திரும்பி வந்தார் என்பது உங்கள் பகுதியில் எல்லோரும் அறிந்த வரலாறு. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. லிஸ்பனின் வடக்குப் பகுதியான அல்வலாட் என்னும் குடியிருப்பில் அவர் பெயரால் ஒரு பங்குக் கோவில் இருக்கிறது. அங்கே அவரைச் சாவ் ஜோவாவ் த பிரித்து என்று அழைப்பார்கள். வழி கேட்கும்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் அல்வலாட் என்ற பெயரிலேயே நிலையம் உண்டு. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத பகுதி என்பதால் ஒரு காலைப் பொழுதை அமைதியாக அங்கே கழிக்கலாம்.

அடுத்து, மேட்டுப் பகுதியில் உள்ள சாவ் ரோக்கெ கோவிலைப் பாருங்கள். இயேசு சபையினர் போர்த்துகலில் கட்டிய பழமையான கோவில்களில் ஒன்றான அது, வெளியிலிருந்து பார்த்தால் மிக எளிமையாகத் தோன்றும். உள்ளே நுழைந்தால் பொன் வேலைப்பாடுகளும் வண்ணக் கற்களும் நிறைந்திருக்கும். அதன் திருப்பண்ட அறையில் பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்க்கையைச் சொல்லும் இருபது ஓவியங்கள் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே மாதம்தான் கோவாவை அடைந்து, பிறகு முத்துக்குளித்துறைக்கு வந்து நம் கடற்கரை மக்களிடையே பணியாற்றியவர் அவர். அந்த ஓவியங்களின் முன் குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

நகரை ஒட்டி ஓடும் தேஜு ஆற்றின் முகப்பில் உள்ள பெலேம் பகுதிக்கு ஒரு முழு நாள் வேண்டும். 1497 ஜூலை 8 அன்று வாஸ்கோ ட காமா புறப்பட்ட கரை அது. அவருடைய கல்லறை அங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்துக் கோவிலில் இருக்கிறது. மடம் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அதே மடத்தின் மேற்குப் பகுதியில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான், 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழை இலத்தீன் எழுத்துகளில் தரும் மறைக்கல்விச் சிறுநூலின் படி இருக்கிறது. தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது அந்த நூலில்தான். தமிழ் நாட்டில் அச்சுக்கூடம் ஏற்படுவதற்கு முன்பே, அந்நிய மண்ணில் நம்மவர் சிலரின் உதவியோடு உருவான நூல் என்பதால், ஆசிரியர்களான உங்களுக்கு அது தனிப் பொருள் உடையது. அருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக 2022இல் மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்பதை அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நகரின் நடுவில் கார்மோ மடத்துக் கோவிலைத் தவறவிடாதீர்கள். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர்கள் நாள் காலையில், மக்கள் கோவில்களில் நிறைந்திருந்த நேரத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது; அதைத் தொடர்ந்து கடல் பொங்கி ஆற்றின் வழியே நகருக்குள் புகுந்தது; பிறகு தீ பல நாட்கள் எரிந்தது. இடிந்த கார்மோ கோவிலின் கூரையை மீண்டும் முழுமையாக எழுப்பவில்லை. வளைவுகள் மட்டும் வெட்டவெளியில் நிற்கின்றன. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் கூரையின்றி நிற்கும் தனுஷ்கோடிக் கோவிலைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதன் கீழே பைஷா என்னும் பகுதியில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக இருப்பதற்குக் காரணம், அழிவுக்குப் பின் அமைச்சர் பொம்பாலின் மேற்பார்வையில் அப்பகுதி முழுவதும் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டதே.

மீதமுள்ள நாட்களில் ஒன்றை பாத்திமாவுக்கு ஒதுக்கலாம். லிஸ்பனிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சென்று, மாலையில் திரும்பிவிடலாம். மே 13, அக்டோபர் 13 ஆகிய நாட்களில் அங்கே பெருங்கூட்டம் கூடும். கூட்டத்தில் நிற்க இயலாதவர்கள் அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது. இன்னொரு நாளை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். முதல் நாள் களைப்போ, மழையோ, பிடித்துப்போன ஓர் இடத்துக்கு மறுபடி செல்லும் விருப்பமோ அந்த நாளை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: என் தந்தை விசைப்படகு உரிமையாளர். மாதச் சம்பளமோ, அலுவலக விடுப்புக் கடிதமோ கிடையாது. எங்களுக்கு விசா கிடைக்குமா? எந்த மாதம் போகலாம்?
*கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்*

பதில்: கிடைக்கும், அம்மா. சம்பளச் சீட்டு இல்லாதது குறையல்ல. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும், பயணம் முடிந்ததும் ஊர் திரும்புவதற்கான காரணம் என்ன என்பதும் ஆவணங்களில் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். படகின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, மீன் வாங்கும் நிறுவனத்தின் ரசீதுகள், வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்து, தொழிலை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தையும் வையுங்கள்.

இதில் நம் கரைக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் உங்கள் தந்தைக்கு ஓய்வு. லிஸ்பனில் மழை குறைந்து, கடும் வெயில் தொடங்காத இதமான பருவமும் அதுவே. ஆகவே மே மாதமோ ஜூன் முதல் பாதியோ மிகப் பொருத்தம். ஆனால் விண்ணப்பத்தைத் தடைக்காலம் தொடங்கிய பிறகு கொடுத்தால், வங்கிக் கணக்கில் அண்மை வாரங்கள் வரவின்றிக் காட்சியளிக்கும். பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ கொடுத்தால், தொழில் நடந்த மாதங்களின் வரவு செலவு ஒழுங்காகத் தெரியும். கையிருப்பைப் பெரிதாகக் காட்டுவதற்காக யாரிடமாவது கடன் வாங்கித் திடீரெனக் கணக்கில் போடாதீர்கள். அது ஐயத்தையே எழுப்பும். பணமாகவே வியாபாரம் செய்கிறவர்கள், பயணத்துக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே வருமானத்தை வங்கி வழியாகக் கொண்டுவரப் பழக வேண்டும்.

பொது விதிகளைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கும் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள் ஆகும், சில வேளைகளில் 45 நாட்கள் வரை நீளும். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதினருக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்காது. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருக்க வேண்டும். கைரேகை பதிவதற்கு ஒவ்வொருவரும் விசா விண்ணப்பங்களைப் பெறும் வி.எஃப்.எஸ். மையத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத விமானச் சீட்டை வாங்காதீர்கள். தங்குமிடத்தையும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையிலேயே பதிவு செய்யுங்கள்.

நம்மவர்களுக்குப் பெரும் தொல்லை தருவது முதலெழுத்து. கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாகவும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்தாகவும், படகுப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். விண்ணப்பம், விமானச் சீட்டு, காப்பீடு மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் பெயரைத் திருத்த வேண்டியிருந்தால் அந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: லிஸ்பனில் ஹலால் உணவு கிடைக்குமா? தொழுகைக்கு வசதி உண்டா?
*இல்லத்தரசி, கீழக்கரை*

பதில்: இரண்டும் உண்டு, சகோதரி. நகரின் மையப் பள்ளிவாசல் 1985இல் திறக்கப்பட்டது. பிராசா த எஸ்பான்யா சதுக்கத்துக்கு அருகில் இருப்பதால் மெட்ரோவில் எளிதாகச் செல்லலாம். மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்கதேசத்தவரும் பாகிஸ்தானியரும் நடத்தும் உணவகங்களும் ஹலால் இறைச்சிக் கடைகளும் நிறைய இருக்கின்றன. ஜூன் மாதத்தில் சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே மறைவதால், மக்ரிப், இஷா நேரங்கள் நம் ஊரைவிட மிகவும் தள்ளிப்போகும். இரவு உணவையும் உறக்கத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

மீன் உண்பவர்களுக்குக் கவலையே வேண்டாம். சாளை மீனைக் கரி நெருப்பில் சுட்டுத் தருவது அங்கே கோடைக்கால உணவு; கணவாயும் இறாலும் எங்கும் கிடைக்கும்; கடல் உணவோடு குழைய வேகவைத்த சோறும் உண்டு. அவர்கள் பெருமையோடு சமைக்கும் பக்கல்யாவ் என்பது உப்பிட்டுக் காய்ந்த காட் மீன். ஒன்றிரண்டு நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்த பிறகே சமைப்பார்கள். கருவாட்டின் அருமை தெரிந்த நம் கரையினருக்கு அது நிச்சயம் பிடிக்கும். எச்சரிக்கை ஒன்றுதான்: கால்து வேர்து என்னும் கீரைச் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டைப் போடுவது வழக்கம், மீன் உணவுகளிலும் வைன் சேர்ப்பதுண்டு. "போர்க்கு" என்றால் பன்றி, "வீன்யு" என்றால் வைன். இந்த இரண்டு சொற்களைக் குறித்துவைத்துக் கேளுங்கள். சைவ உணவு உண்ணும் வாசகர்களுக்கு, லூமியார் பகுதியில் இந்துச் சமூகத்தினரின் ராதா கிருஷ்ணர் கோவிலைச் சார்ந்து உணவகம் ஒன்று இருக்கிறது.

கேள்வி: முழங்கால் வலியுள்ள என் தாயாரையும் அழைத்துப்போக விரும்புகிறேன். மலைமேல் அமைந்த நகரம் என்கிறார்களே?
*வாசகர், மண்டபம்*

பதில்: உண்மைதான். ஏழு குன்றுகளின் நகரம் என்றே அதற்குப் பெயர். ஏற்ற இறக்கத்தைவிட நடைபாதைதான் பெரிய இடர்: சிறு சிறு சுண்ணாம்புக் கற்களைப் பதித்த பாதைகள், காலடி பட்டுத் தேய்ந்து, மழைத்தூறல் விழுந்தால் வழுக்கும். நன்கு பிடிக்கும் ரப்பர் அடியுள்ள மூடிய காலணியை வாங்கி, ஊரிலேயே ஒரு மாதம் அணிந்து அம்மாவுக்குப் பழக்குங்கள். அங்கே போய்ப் புதுக் காலணி அணிவது கூடாது.

தங்குமிடத்தைச் சமதளமான பைஷாவிலோ, அகன்ற சாலைகள் உள்ள சல்தான்யா பக்கத்திலோ எடுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இராது என்பதால், பதிவு செய்யும் முன் அதை எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். அழகான பழைய பகுதி என்று விளம்பரங்களில் காட்டும் அல்ஃபாமாவில் படிக்கட்டுகளே தெருக்கள். பார்க்கச் செல்லலாம், அம்மாவோடு தங்க வேண்டாம். கோட்டைக்கு 737 எண் பேருந்து செல்கிறது. பைஷாவிலிருந்து கோட்டைப் பக்கம் ஏறுவதற்குக் கட்டணமற்ற பொது மின்தூக்கியும் உண்டு. சரிவில் இயங்கும் குளோரியா இழுவை வண்டி 2025 செப்டம்பரில் பெரும் விபத்துக்குள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். இழுவை வண்டிகளை நம்பி உங்கள் நாளைத் திட்டமிடாதீர்கள். புகழ்பெற்ற 28 எண் டிராமில் நிற்கவும் இடமின்றிக் கூட்டம் இருக்கும். அதில் பணப்பையைத் திருடுபவர்களும் ஏறுகிறார்கள். காலை எட்டு மணிக்கு முன், புறப்படும் நிறுத்தத்திலேயே ஏறினால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

கேள்வி: இராமேஸ்வரத்திலிருந்து லிஸ்பனுக்கு எப்படிப் போவது? பணத்தை எப்படி எடுத்துச் செல்வது?
*சிறு வணிகர், இராமேஸ்வரம்*

பதில்: சென்னையிலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகச் சென்றால் லிஸ்பன் விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை நடக்கும். பிராங்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய நகரின் வழியாகச் சென்றால் அந்த நகரிலேயே முடிந்துவிடும் என்பதால், அங்கே அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி உள்ள சீட்டை வாங்குங்கள். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை தொடங்கியிருப்பதால் வரிசை நீளலாம். இராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கினால் மீனம்பாக்கம் அருகில். ரயில் வந்து சேரும் அன்றே விமானம் ஏறும்படி வைத்துக்கொள்ளாமல், ஒரு நாள் முன்னதாகவே சென்னைக்கு வந்து தங்குங்கள். லிஸ்பன் விமான நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. மெட்ரோவின் சிவப்புத் தடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பயண அட்டை ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும், ஒரே அட்டையில் இருவர் செல்ல முடியாது.

பணத்துக்கு, யூரோ ஏற்றிய பயண அட்டை ஒன்றும், முதல் இரண்டு நாட்களுக்குப் போதுமான சிறு நோட்டுகளும் போதும். பிறகு வேண்டுமானால் மல்டிபாங்கு என்று எழுதிய வங்கி இயந்திரங்களில் எடுங்கள். "ரூபாயில் கணக்கிடவா?" என்று எந்த இயந்திரம் கேட்டாலும் மறுத்து, யூரோவையே தேர்ந்தெடுங்கள், ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் இழப்பு ஏற்படும். தங்குமிடத்தில் நகராட்சி வரியாக ஓர் இரவுக்கு ஆளுக்கு 4 யூரோ தனியாகக் கேட்பார்கள், அது முறையானதே. உணவகத்தில் நீங்கள் கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் ஆலிவ் காய்க்கும், உண்டால் விலை உண்டு. வேண்டாமென்றால் உடனே எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. அந்தோணியார் பிறந்த ஊரும் லிஸ்பன்தானாமே? அங்கே திருவிழா எப்போது?
*மீனவக் குடும்பத்தினர், பாம்பன்*

பதில்: ஆம். பதுவை நகரில் இறந்ததால் பதுவைப் புனிதர் என்று வழங்கப்படும் அந்தோணியார் லிஸ்பனில் பிறந்தவர். பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, அவர் பிறந்த வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் அவர் பெயரால் கோவில் இருக்கிறது. நிலத்தடிச் சிற்றாலயத்துக்கு இறங்கிச் சென்று வேண்டிக்கொள்ளலாம். ஜூன் 13 அவர் திருநாள். லிஸ்பன் நகருக்கு அன்று பொது விடுமுறை. முந்தைய இரவு முழுவதும் அகன்ற லிபர்தாத் சாலையில் ஒவ்வொரு குடியிருப்பின் மக்களும் வண்ண உடையில் ஆடிப் பாடி ஊர்வலம் வருவார்கள். அல்ஃபாமா சந்துகளில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிச் சாளை சுடுவார்கள். 13ஆம் நாள் மாலை அந்தோணியார் திருவுருவப் பவனி அதே தெருக்களின் வழியே செல்லும்.

தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் நீங்கள் தொழிலை விடாமலே இந்தத் திருவிழாவைக் காண முடியும். ஆனால் படகு கடலுக்குப் போகும் முதல் நாளுக்குள் திரும்பிவிட இயலாது என்பதால், அந்த இரண்டு மூன்று நாட்களுக்குப் படகின் பொறுப்பை யாரிடம் விடுவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அந்த வாரத்தில் தங்குமிட வாடகை ஏறிவிடும். அறையை ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். குழந்தைகளோடு செல்வதானால் அல்ஃபாமாவுக்குள் அறை எடுக்காமல், பச்சைத் தட மெட்ரோவில் வரக்கூடிய அலமேடா போன்ற இடத்தில் எடுங்கள். திருவிழா இரவில் அல்ஃபாமாவில் விடியும்வரை பாட்டுச் சத்தம் ஓயாது. விசாவுக்குப் பிப்ரவரி இறுதிக்குள் விண்ணப்பித்துவிட்டால், கச்சத்தீவுத் திருவிழா முடிந்து வருவதற்கும் விசா முடிவு தெரிவதற்கும் சரியாக இருக்கும். கைரேகை பதியும் நாளை மட்டும் கச்சத்தீவுத் திருவிழா நாட்களில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.